டாம்பர் என்பது ஒலியின் தரம் அல்ல

வயலினிலும் புல்லாங்குழலிலும் ஒரே ஸ்வரத்தை ஒரே உரப்பில், அதாவது ஒரே சத்த அளவில், வாசிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எந்த வாத்தியம் என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்ல வைக்கிற பண்புக்குத்தான் டாம்பர் (timbre) என்று பெயர். பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. எழுத்தைப் பார்த்து ‘டிம்பர்’ என்று படிப்பவர்கள் உண்டு. மரக்கட்டைக்கான ஆங்கிலச் சொல்தான் அப்படி ஒலிக்கும். சரி, இது சின்னத் தவறு.

பெரிய தவறு, தமிழில் நாம் அதற்கு வைத்த பெயரிலேயே இருக்கிறது. ‘ஒலியின் தரம்’ என்று எழுதிவிடுகிறோம். தரம் என்றதும் உயர்ந்தது, தாழ்ந்தது என்றுதான் மனம் போகும். அதனால்தான் ‘அவர் குரலில் டாம்பர் குறைவு’, ‘இந்த ஸ்பீக்கரில் டாம்பர் அதிகம்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. கூடவோ குறையவோ அது ஓர் அளவே அல்ல. கரகரத்த குரலுக்கும் டாம்பர் உண்டு, தகர டப்பாவைத் தட்டினால் வரும் ஓசைக்கும் உண்டு. ‘எவ்வளவு’ என்று கேட்டால் அதில் பதில் கிடைக்காது. ‘எப்படிப்பட்டது’ என்று கேட்க வேண்டும். ஆகவே ‘ஒலிப்பண்பு’ என்ற சொல்லே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். ஜெர்மன் மொழியில் இதை ‘ஒலி நிறம்’ என்றே சொல்கிறார்கள். சிவப்பைவிட நீலம் தரமானதா என்று யாரும் கேட்பதில்லையே!

அடுத்தது, சுருதியோடு போட்டுக் குழப்புவது. ‘கனமான குரல்’ என்றால் கீழ்ஸ்தாயியில் பாடும் குரல் என்று நினைத்துவிடுகிறோம். மேல்ஸ்தாயியிலும் கனமாக ஒலிக்கும் குரல்கள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால், ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஆ, ஈ, ஊ என்று மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள். சுருதி நகரவில்லை, வாயின் வடிவம் மாறியதும் ஒலிப்பண்பு மாறிவிடுகிறது. உயிரெழுத்துகளை நாம் பிரித்தறிவதே இதனால்தான்.

உரப்போடும் குழப்பம் உண்டு. கிசுகிசுப்பைப் பதிவு செய்து எவ்வளவு சத்தமாக ஒலிக்கவிட்டாலும் அது கிசுகிசுப்பாகவே கேட்கும். அலறலை எவ்வளவு குறைத்து வைத்தாலும் அலறல்தான்.

இதற்கான காரணத்தை விளக்கும்போது பலரும் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். 440 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி அதிரும்போது 880, 1320, 1760 என்று அதன் மடங்குகளும் கூடவே எழும். இவைதான் மேற்சுரங்கள். எது வலுவாக இருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் ஒற்றைப்படை மடங்குகள் ஓங்கி நிற்பதால்தான் அதற்கு அந்தக் குழிவான நாதம். 1863-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் இந்த விளக்கத்தை விரிவாக நிறுவினார். அது சரியானதுதான், ஆனால் முழுமையானது அல்ல. ஒலி எப்படித் தொடங்குகிறது, எப்படித் தேய்கிறது என்பதும் ஒலிப்பண்பில் சேரும். பியானோ பதிவு ஒன்றைத் தலைகீழாக ஓட்டிக் கேளுங்கள். உள்ளே இருக்கும் மேற்சுரங்கள் அதேதான். ஆனால் சுத்தியல் தட்டும் அந்த முதல் கணம் கடைசிக்குப் போய்விட்டதால், பியானோவாகத் தோன்றாமல் ஹார்மோனியம் போன்ற ஏதோ ஒன்றாகக் கேட்கும். எனக்கு இந்த ஒரு சோதனை, பல பக்க விளக்கத்தைவிட அதிகம் புரியவைத்தது.

அப்புறம், ஒரு வாத்தியத்துக்கு ஒரே ஒலிப்பண்பு என்று நினைப்பது. கிடாரின் திறந்த தந்தியை (விரலால் எங்கும் அழுத்தாமல்) 12-ஆம் ஃபிரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது கம்பிக்கு, நேராக மீட்டுங்கள். அது தந்தியின் நட்டநடு, ஆகவே இரட்டைப்படை மடங்குகள் பெரும்பாலும் அடங்கி, உருண்டையான நாதம் வரும். அதே தந்தியை, அதன் முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினால் கூர்மையாக, கொஞ்சம் தகரம் போலக்கூட ஒலிக்கும். தந்தியும் ஸ்வரமும் மாறவில்லை, விரல் நகர்ந்தது மட்டும்தான். வயலினில் வில்லை எங்கே வைக்கிறோம் என்பதும் இப்படித்தான். ‘வயலினின் டாம்பர்’ என்று பொதுவாகச் சொல்லலாம், ஆனால் அது ஒரு குடும்பத்தின் பெயர் மாதிரி.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ‘டாம்பர் அருமை’ என்று முடித்துவிட்டால் படிப்பவருக்கு எதுவும் கேட்காது. அந்த இடத்தில் நம்மிடம் இருக்கும் சொற்களை எடுங்கள்: கணீரென்று, கம்மலாக, கரகரப்பாக, மூக்கால் பாடுவது போல, வெண்கலம் போல, காற்று கலந்து. ‘கீச்’ என்பதை மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அதில் உயர்ந்த சுருதியும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது.