ஸ்ட்ராபெரி பூஞ்சை பிடிக்காமல் இருக்க நான் செய்தது

டிசம்பர் பிறந்தால் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரி வந்து குவியும். போன வருஷம் இரண்டு டப்பா வாங்கி, மொத்தத்தையும் காம்பு கிள்ளி, கழுவி, ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை. பாதியைக் கொட்டும்போது வயிறு எரிந்தது.

தப்பு அந்த ஈரத்தில்தான். இப்போது நசுங்கியதை முதலில் பொறுக்கி எடுத்துவிடுகிறேன் (ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் போச்சு). ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். காம்போடு அதில் சில நிமிஷம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைப்பேன். நன்றாகக் காய்ந்தபின் டப்பாவில் டிஷ்யூ விரித்து ஒரே அடுக்காக அடுக்குவேன், மூடியை இறுக்குவதில்லை. ஐந்தாறு நாள் தாங்குகிறது. வினிகர் வாசனையும் இல்லை.

காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் பழம் தண்ணீர் குடித்துச் சப்பென்று ஆகிவிடும். 100 கிராமில் ஏறக்குறைய 59 மில்லிகிராம் வைட்டமின் சி, ஆரஞ்சுக்குச் சளைத்ததில்லை. சூடு பட்டால் அது குறையும் என்பதால், ஜாம் கிண்டுவது நசுங்கிய பழங்களுக்கு மட்டும்தான். மாமியார் எதையும் கேட்பதில்லை. உப்பு, மிளகாய்த்தூள் தூவித்தான் சாப்பிடுவார், மாங்காய் மாதிரி.