எதை விடப்போகிறோம் என்று முதலில் எழுதுங்கள்

"தரம், உறுப்பினர் நலன், புதிய சந்தை" என்று கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழ விவசாயிகள் கம்பெனியின் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தோம் (எழுதச் சொன்ன புண்ணியவான் நானேதான்). ஜூன் மாதம், கூழுக்குப் போகிற பெங்களூரா ரக மாம்பழப் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது, இருந்த ஒரே வண்டியைப் பெங்களூரு அப்பார்ட்மெண்டுகளுக்குச் செந்தூரா ரக மாம்பழப் பெட்டி கொடுக்க அனுப்பிவிட்டோம். மாங்கூழ் ஆலைக்குப் போகவேண்டிய லோடு ரெண்டு நாள் ஷெட்டில் கிடந்து வாடி, எடை குறைந்தது. சுவரைப் பார்த்தால் ரெண்டு வேலையும் சரிதான். கோளாறே அங்கேதான்: ரெண்டும் மோதினால் எதை விடுவது என்று சுவர் சொல்லவில்லை. அதைச் சொல்கிற வரியை எழுதும் வழி இது.

முதல் வேலை, போன சீசன் கணக்கு நோட்டை எடுங்கள். பணம், வண்டி, ஆள் எதற்குப் போனது என்று பாருங்கள். நீங்கள் வாயால் சொல்வது எதுவானாலும், உங்கள் உண்மையான திட்டம் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அடுத்து, சுவரில் உள்ள ஒவ்வொரு வரியையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "தரமில்லாத பழம் விற்போம்" என்று எந்தக் கம்பெனியாவது சொல்லுமா? சொல்லாது என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அப்புறம் ரெண்டு நல்ல விஷயங்களை மோதவிட்டு எழுத வேண்டும். 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள்காரர்கள் கூடி, மென்பொருள் வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய அஜைல் (Agile) அறிக்கை இந்த மாதிரிதான்: விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளுக்கு மதிப்பு அதிகம், அதற்காக ஆவணம் வீண் என்றில்லை. எங்கள் வரி இப்படி வந்தது: "பெட்டி விற்பனையில் லாபம் கூட என்றாலும், பறிப்பு நாளில் வண்டி ஆலை லோடுக்கே."

எழுதியதும் பழைய சண்டை ரெண்டை எடுத்து, இந்த வரி இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா என்று பாருங்கள். தீராவிட்டால் வரி இன்னும் வழவழதான், திருத்துங்கள்.

கஷ்டமான இடம் இனிமேல்தான். இதனால் நஷ்டப்படுகிறவர் யார் என்று பெயர் எழுதி, அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். செந்தூரா மட்டும் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் நான் போனில் சொன்னேன், "நேர்ல வர வண்டி இல்லையா சாமி?" என்று கேட்டார். மறுநாள் போனேன்.

மூன்று வரிக்கு மேல் வேண்டாம், சீசன் முடிந்ததும் மறுபடி பாருங்கள். நான்காவது வரி வேண்டும் என்று எங்கள் டைரக்டர் ஒருவர் கேட்டார். சரி, எந்த வரியை எடுக்கலாம் என்றேன். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.