செலவு குறைந்திருப்பது நல்ல செய்திதானா? அடிப்படைத் திட்டத்தோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தையும் செலவையும் கணக்கிடும் முறை

ஒரு திட்டத்தின் பாதி வழியில், "இதுவரை 1,60,000 செலவாகும் என்று நினைத்தோம், 1,50,000தான் ஆகியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்குப் பத்தாயிரம் மிச்சமானதாகத்தான் தோன்றும். உண்மையில் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. சிக்கனமாக வேலை நடந்ததால் செலவு குறைந்திருக்கலாம். வேலையே நடக்காததாலும் குறைந்திருக்கலாம். இரண்டில் எது என்று காட்டுவதற்கு மூன்றாவதாக ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். எக்செல் போன்ற ஒரு விரிதாள் இருந்தால் போதும். தனி மென்பொருள் கட்டாயமில்லை.

படி 1: வேலையைப் பிரித்து, அளவும் செலவும் எழுதுதல்

ஒரு நூலகம் தன்னிடமுள்ள 12,000 நூல்களின் விவரங்களை அட்டைகளிலிருந்து கணினிக்கு மாற்ற முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் பத்து வாரம். எந்த நாணயத்துக்கும் பொருந்தும் என்பதால் தொகைகளை வெறும் எண்களாகவே தருகிறேன்.

மென்பொருளை நிறுவி அமைத்தல்: 1, 2ஆம் வாரங்கள், செலவு 40,000.
நூல் விவரங்களை உள்ளிடுதல்: 3 முதல் 8ஆம் வாரம் வரை, வாரத்துக்கு 2,000 நூல்கள், நூலுக்கு 20 வீதம் 2,40,000.
சரிபார்த்தல்: 7 முதல் 9ஆம் வாரம் வரை, 60,000.
பயிற்சியும் ஒப்படைப்பும்: 10ஆம் வாரம்; 20,000.

மொத்தம் 3,60,000. பணிகளைப் பிரிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "முடிந்தது" என்பதை எண்ணிப் பார்க்க முடியாத பணியை அப்படியே விட்டுவிடாதீர்கள். "விவரம் உள்ளிடுதல்" என்று மட்டும் எழுதினால் அது எப்போது முடிந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். 12,000 நூல்கள் என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை.

படி 2: திட்டத்தை உறைய வைத்தல்

இப்போது ஒவ்வொரு பணியின் செலவையும் அதற்குரிய வாரங்களில் பிரித்துப் போட்டு, வாரவாரியாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். நம் எடுத்துக்காட்டில் முதல் வார முடிவில் 20,000, அடுத்தடுத்து 40,000, 80,000, 1,20,000, 1,60,000, 2,00,000, 2,60,000, 3,20,000, 3,40,000, பத்தாம் வார முடிவில் 3,60,000 என்று கூட்டுத்தொகை வரும். இந்த வரிசைதான் நம் அடிப்படைத் திட்டம். பேச்சில் இதைப் பேஸ்லைன் என்றே சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட வார முடிவில் இந்த வரிசையில் உள்ள தொகைக்குத் திட்ட மதிப்பு என்று பெயர்.

சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்ட பின் இந்தத் தாளைப் படியெடுத்து, ஒப்புதல் தேதியைத் தலைப்பில் எழுதி, யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட வேண்டும். அன்றாடத் திருத்தங்கள் எல்லாம் வேறு தாளில் நடக்கட்டும். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் பயன்படுத்துபவர்கள் "செட் பேஸ்லைன்" கட்டளையால் இதைச் செய்யலாம். அது ஒரே திட்டத்துக்குப் பதினொரு அடிப்படைகள் வரை சேமித்து வைத்துக்கொள்ளும். அத்தனை வசதி இருக்கிறதே என்று மாதம் ஒன்றாகச் சேமித்து, கடைசியாகச் சேமித்ததோடு மட்டும் ஒப்பிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் தாமதம் என்ற ஒன்றே அறிக்கையில் தென்படாது.

படி 3: நடந்த வேலையை அளத்தல்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது; பெரும்பாலான கணக்குகள் கெடுவதும் இங்கேதான்.

ஐந்தாம் வார இறுதியில் உள்ளீடு செய்பவரிடம் "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டால், "ஏறக்குறைய பாதி முடிந்துவிட்டது, மேடம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மேசையில் குறைந்திருக்கும் அட்டைக் கட்டுகளைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் கட்டுப் பிரித்து வைத்த அட்டைகள், விவரம் பாதி ஏறியவை, அலமாரி எண் கிடைக்காமல் ஒதுக்கி வைத்தவை எல்லாம் அந்தப் பாதிக்குள் அடங்கியிருக்கும். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "எல்லா விவரங்களும் நிரப்பிச் சேமிக்கப்பட்ட நூல்கள் எத்தனை?" அதற்கு மென்பொருளே விடை சொல்லும். நம் எடுத்துக்காட்டில் விடை 4,500. திட்டப்படி 6,000 ஆகியிருக்க வேண்டும்.

நடந்த இந்த வேலைக்குத் திட்டத்தில் நாம் வைத்த விலை என்ன என்பதே மூன்றாவது எண். ஈட்டிய மதிப்பு என்பது அதன் பெயர். மென்பொருள் அமைப்பு முழுதாக முடிந்துவிட்டதால் அதற்கு 40,000. உள்ளிட்ட 4,500 நூல்களுக்கு, நூலுக்கு 20 வீதம் 90,000. ஆக, ஈட்டிய மதிப்பு 1,30,000. கையை விட்டுப் போன பணம் எவ்வளவு என்பதற்கும் இந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு 50 செலவழித்திருந்தாலும் அது ஈட்டித் தருவது 20தான்.

எல்லாப் பணியையும் இப்படி எண்ண முடியாது. ஓரிரு வாரத்துக்குள் முடியும் சிறு பணிகளுக்கு, முடியும் வரை சுழியம், முடிந்தவுடன் முழு மதிப்பு என்ற விதி போதும். சற்றே நீளமானவற்றுக்குத் தொடங்கியவுடன் பாதி, முடிந்தவுடன் மீதி என்று கொடுக்கலாம். பல மாதம் ஓடும் பணியை மைல்கற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு பங்கை ஒதுக்குங்கள். எந்தப் பணிக்கு எந்த விதி என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். அளக்கும் நாளில் முடிவு செய்தால் விதி நமக்குச் சாதகமாக வளைந்துவிடும்.

மேற்பார்வை போன்ற பணிகள் வேறு வகை. நாள் நகர்ந்தாலே அவை திட்டப்படி நடந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அவற்றை மற்றவற்றோடு கலந்து கூட்டினால் உண்மையான தாமதம் மங்கித் தெரியும் என்பதால் தனி வரிசையில் வைப்பது நல்லது.

படி 4: உண்மைச் செலவைச் சேர்த்தல்

ஐந்தாம் வார இறுதி வரை நடந்த வேலைக்கான செலவு அத்தனையும் இதில் வர வேண்டும். வந்த பில்களை மட்டும் கூட்டுவது தவறு. ஐந்தாம் வாரச் சம்பளம் ஆறாம் வாரத்தில் கொடுக்கப்படலாம். ஆனால் வேலை ஐந்தாம் வாரத்தில் நடந்துவிட்டது, அதன் ஈட்டிய மதிப்பும் நம் கணக்கில் ஏறிவிட்டது. எனவே பில் வராவிட்டாலும் மதிப்பிட்டு அந்தத் தொகையைச் சேர்த்துவிடுங்கள். மூன்று எண்களும் ஒரே தேதியைச் சார்ந்தவையாக இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

நம் கணக்கில் மென்பொருள் அமைப்புக்கு 46,000, உள்ளீட்டுக்கு 1,04,000, மொத்தம் 1,50,000.

படி 5: மூன்றையும் ஒப்பிடுதல்

திட்ட மதிப்பு 1,60,000. ஈட்டிய மதிப்பு 1,30,000. உண்மைச் செலவு 1,50,000.

ஈட்டிய மதிப்பிலிருந்து உண்மைச் செலவைக் கழித்தால் செலவு விலகல்: கழித்தல் 20,000. ஈட்டிய மதிப்பிலிருந்து திட்ட மதிப்பைக் கழித்தால் கால விலகல்: கழித்தல் 30,000. தொடக்கத்தில் பத்தாயிரம் மிச்சம் என்று தோன்றிய அதே திட்டத்தில் உண்மையில் இருபதாயிரம் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது, வேலையும் பின்தங்கியிருக்கிறது.

கழிப்பதற்குப் பதில் வகுத்தால் குறியீடுகள் கிடைக்கும். 1,30,000ஐ 1,50,000ஆல் வகுத்தால் செலவுத் திறன் குறியீடு 0.87, அதாவது செலவழிக்கும் ஒவ்வொரு 100க்கும் 87 மதிப்புள்ள வேலைதான் கிடைக்கிறது. 1,30,000ஐ 1,60,000ஆல் வகுத்தால் காலத் திறன் குறியீடு 0.81. ஒன்றுக்குக் கீழே இருந்தால் பாதகம், மேலே இருந்தால் சாதகம்.

மொத்த எண்ணோடு நின்றுவிடாமல் பணிவாரியாகவும் பாருங்கள். இருபதாயிரத்தில் 6,000 மென்பொருள் அமைப்பில் கூடியது. அது முடிந்துபோன கதை. மீதி 14,000 உள்ளீட்டில் கூடியிருக்கிறது. நூலுக்கு 20 என்று நினைத்தது ஏறக்குறைய 23 ஆகிறது, இன்னும் 7,500 நூல்கள் பாக்கி இருக்கின்றன. கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

காலத் திறன் குறியீட்டில் ஒரு குறை உண்டு. திட்டம் எவ்வளவு தாமதமாக முடிந்தாலும், முடியும் நாளில் ஈட்டிய மதிப்பு முழுத் தொகையைத் தொட்டுவிடும், குறியீடும் ஒன்றாகிவிடும். அதனால் கடைசிக் கட்டத்தில் அதை நம்ப முடியாது. திட்ட மேலாண்மை வல்லுநர் வால்ட் லிப்கி 2003இல் முன்வைத்த ஈட்டிய காலம் என்ற கணக்கு இதற்கு மாற்று. 1,30,000 என்ற மதிப்பை அடிப்படைத் திட்டப்படி எப்போது எட்டியிருக்க வேண்டும் என்று பாருங்கள்: நான்காம் வார முடிவில் 1,20,000, ஐந்தாம் வார முடிவில் 1,60,000, ஆகவே 4.25 வாரத்தில். நாம் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டோம். எனவே முக்கால் வாரம் பின்தங்கியிருக்கிறோம். "30,000 பின்தங்கியுள்ளது" என்பதைவிட இது யாருக்கும் எளிதில் புரியும்.

எந்தப் பணி தாமதமானால் இறுதித் தேதி தள்ளிப்போகும் என்பதை மட்டும் இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பணிகளின் வரிசைத் தொடர்பைக் காட்டும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

படி 6: முடிவில் எவ்வளவு ஆகும் என்று கணித்தல்

இனி எல்லாம் திட்டப்படி நடக்கும் என்று நம்பினால், இதுவரையான செலவோடு மீதி வேலையின் திட்ட மதிப்பான 2,30,000ஐக் கூட்டுங்கள்: 3,80,000. இதுவரை நடந்தது போலவே இனியும் நடக்கும் என்று கொண்டால், மொத்தத் தொகையைச் செலவுத் திறன் குறியீட்டால் வகுக்க வேண்டும்: ஏறக்குறைய 4,15,400. உள்ளீடு மட்டும் இதே விகிதத்தில் கூடும், மற்றவை திட்டப்படி நடக்கும் என்றால் ஏறக்குறைய 4,03,300. என்னைக் கேட்டால், காரணம் தெரிந்திருக்கும் இந்த மூன்றாவது கணிப்பையே முதலில் எடுத்துக்கொள்வேன்; மற்ற இரண்டையும் கீழெல்லை, மேலெல்லை போலக் காட்டுவேன்.

காலத்துக்கும் இப்படியே. 4.25ஐ 5ஆல் வகுத்தால் 0.85, பத்து வாரத்தை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 11.8 வாரம். நேரடியாகவும் சரிபார்க்கலாம்: வாரத்துக்கு 1,500 நூல்கள்தான் நடக்கின்றன என்றால் மீதி 7,500க்கு ஐந்து வாரம் ஆகும், உள்ளீடு எட்டாம் வாரத்துக்குப் பதில் பத்தாம் வாரத்தில் முடியும், மொத்தம் பன்னிரண்டு வாரம். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருவதால் கணிப்பை நம்பலாம்.

ஒதுக்கிய தொகைக்குள்ளேயே முடித்துவிடுவோம் என்று யாராவது உறுதியளித்தால், மீதி வேலையான 2,30,000ஐ மீதிப் பணமான 2,10,000ஆல் வகுத்துக் காட்டுங்கள். விடை 1.10. இதுவரை 0.87இல் நடந்த வேலை நாளை முதல் 1.10இல் நடக்க வேண்டும். எந்த மாற்றமும் செய்யாமல் அது எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு அவர்தான் விடை சொல்ல வேண்டும்.

நம்பிக்கையான கணிப்பை மட்டும் மேலே அனுப்புவது சிறு திட்டங்களின் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இலேயே இந்த அளவீட்டு முறைக்கு 35 வரையறைகளை வகுத்து, பெரிய ஒப்பந்தங்களுக்குக் கட்டாயமாக்கியது. அதே துறையில் ஏ-12 என்ற கடற்படை விமானத் திட்டத்தின் செலவுக் கணக்குகள் எச்சரித்துக்கொண்டிருந்தபோதும் சாதகமான கணிப்புகளே முன்வைக்கப்பட்டன. 1991 ஜனவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

படி 7: மாற்றங்களைப் பதிவு செய்தல்

இடையில் நூலகம் இன்னும் 1,000 நூல்களைச் சேர்க்கச் சொல்கிறது என்று கொள்வோம். இது புதிய வேலை. ஒப்புதல் பெற்று, 20,000 தொகையையும் அரை வாரத்தையும் அடிப்படைத் திட்டத்தில் இனி வரும் வாரங்களில் சேர்க்கலாம். பழைய தாளை அழிக்காமல், இரண்டாம் பதிப்பு என்று எழுதி, தேதி, காரணம், ஒப்புதல் கொடுத்தவர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மொத்தம் இப்போது 3,80,000 ஆகிறது. நூலுக்கு 20க்குப் பதில் 23 ஆகிறது என்பதற்காக அடிப்படைத் திட்டத்தை மாற்றக் கூடாது. அது புதிய வேலை அல்ல, பழைய வேலைக்கு ஆன கூடுதல் செலவு.

இரண்டையும் சரியாகப் பிரித்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாம் வாரக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். ஈட்டிய மதிப்பும் உண்மைச் செலவும் மாறாமல், செலவுத் திறன் குறியீடு அதே 0.87ஆக நிற்க வேண்டும். அது ஒன்றை நோக்கி நகர்ந்திருந்தால், பழைய வாரங்களின் எண்ணில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.