போனின் எஸ்.ஏ.ஆர். அளவைப் பார்க்கும் வழி

போனில் எண் அழுத்தும் இடத்தில் *#07# என்று தட்டுங்கள், பல போன்களில் எஸ்.ஏ.ஆர். அளவு, அதாவது ரேடியோ அலையின் ஆற்றலை உடல் எவ்வளவு உள்வாங்குகிறது என்ற கணக்கு, திரையில் வந்துவிடும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் அது 10 கிராமுக்கான சராசரி, அதனால் இரண்டையும் நேராக ஒப்பிடாதீர்கள்.

இந்த அளவு போன் முழு சக்தியில் இயங்கும்போது எடுத்தது. அன்றாடம் முக்கியம் சிக்னல்தான். அது ஒற்றைக் கோட்டில் நிற்கும்போது போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், அந்த நேரத்தில் காதில் ஒட்டவைத்து நீளமாகப் பேசாமல் ஸ்பீக்கரில் போடுங்கள். அப்புறம், உடலருகே வைத்துச் செய்யும் சோதனையில் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டே அளக்கிறார்கள். எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும், ஒரு தடவை பாருங்கள்.