பிஎஸ்5 வாங்கலாமா, கேமிங் பிசி போடலாமா? மதுரை வீட்டுக்கு ஐந்து வருடக் கணக்கு

2024 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கன்சோல் (டிவியில் மாட்டி ஆடும் பெட்டி), அதாவது பிஎஸ்5, ஸ்லிம் வடிவில் இந்தியாவுக்கு வந்தபோது, டிஸ்க் போட்டு ஆடும் டிஸ்க் மாடல் 54,990 ரூபாய், டவுன்லோட் மட்டும் செய்ய முடிகிற டிஜிட்டல் மாடல் 44,990. ஏறக்குறைய அதே தரத்தில் கேம் ஓடுகிற பிசியை மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்துப் போட்டால் 90,000 பக்கம் வந்து நிற்கும். இதை மட்டும் பார்த்துவிட்டு கன்சோலே மலிவு என்று கிளம்பிவிடாதீர்கள். பெட்டிக்குக் கொடுக்கிற பணம் ஒருமுறை போவது. கேமுக்குப் போவது வருடா வருடம். ஒரு தாளில் ஐந்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போங்கள்.

முதல் வரியில் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழியுங்கள். ஹாலில் ஒரு ஃபுல் எச்டி டிவி இருந்தால் கன்சோலுக்கு அதுவே போதும். 4கே டிவி வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டிவி செட்டிங்கில் கேம் மோடை மட்டும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையே தாமதம் தெரியும். பையனோ பெண்ணோ இன்ஜினியரிங் படிக்கிறார்கள், எப்படியும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவை என்றால் பிசி பக்கக் கணக்கே மாறிவிடும். படிப்புக்கு ஆகிற 40,000 எப்படியும் செலவாகப் போவது. கேமுக்காகக் கூடுதலாகப் போடும் தொகையை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது கேம். இங்கேதான் கணக்கு புரளும். பிஎஸ்5-இல் பெரிய கேம்கள் வெளியாகிற அன்று பெரும்பாலும் 4,999 ரூபாய். வருடத்துக்கு நான்கு என்றால் 20,000. டிஸ்க்காக வாங்கி, முடித்த கையோடு 3,000-க்குத் தள்ளிவிட்டால் ஒரு கேமுக்கு 2,000-தான் கையை விட்டுப் போகிறது: வருடத்துக்கு 8,000, ஐந்து வருடத்துக்கு 40,000. இதையே டிஜிட்டலாக முழு விலைக்கு வாங்கினால் ஒரு லட்சம். அந்தப் பணத்தில் ஒரு பைசா திரும்பாது. டிஜிட்டல் மாடலில் மிச்சமாகும் 10,000 ஒரே வருடத்தில் கரைந்துவிடுவது இதனால்தான். உங்கள் தெருவிலோ கல்லூரியிலோ டிஸ்க் மாற்றிக்கொள்ள நாலு பேர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிஸ்க் மாடலை எடுங்கள். டிஸ்க் விற்பதென்றால் சூட்டோடு சூடாக விற்றுவிட வேண்டும். ஆறு மாதம் அலமாரியில் கிடந்தால் கடையிலேயே விலை இறங்கியிருக்கும்.

பிசியில் டிஸ்க் கிடையாது, விற்கவும் முடியாது. ஆனால் ஸ்டீம் என்ற, பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையில் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் பெரிய தள்ளுபடிக்குக் காத்திருப்பவருக்கு, ஓரிரு வருடம் பழைய பெரிய கேம்கள் 1,500 ரூபாய் அளவில் அகப்படும். வருடம் நான்கு வாங்கினால் 6,000, ஐந்து வருடத்துக்கு 30,000. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உங்கள் பிசியில் ஓடுமா என்ற சந்தேகம் உள்ள கேமுக்கு இது பெரிய வசதி.

ஆன்லைன் சந்தாவை மறந்துவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை பிஎஸ்5-இல் ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட பிஎஸ் பிளஸ் என்ற சோனியின் சந்தா வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு வேண்டாம். பிசியில் இந்தச் செலவே இல்லை. சந்தாவை வருடத்துக்கு 4,000 என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 20,000. இப்போது கூட்டிப் பாருங்கள்: டிஸ்க் கன்சோல் 1,15,000, பிசி 1,20,000, டிஜிட்டல் கன்சோலில் முழு விலைக்கு வாங்குபவருக்கு 1,65,000. சந்தா தேவைப்படாத, தனியாகக் கதை கேம் ஆடுகிறவருக்கு டிஸ்க் கன்சோல் 95,000-இல் முடியும். நம் கருத்தில், டிஸ்க்கை விற்கும் பழக்கம் இருந்தால் கன்சோல், தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பொறுமை இருந்தால் பிசி. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 மட்டுமே ஆடுவேன் என்பவருக்கு இந்த யோசனையே வேண்டாம். இரண்டும் பிசியில்தான் உண்டு, 90,000 ரூபாய் பிசியும் தேவையில்லை.

கரன்ட் செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 120 மணி நேரம். பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும், 24 யூனிட். நடுத்தர பிசி 300 வாட் என்றால் 36 யூனிட். கவனிக்க வேண்டியது ஒன்று: உங்கள் இரண்டு மாத பில் ஏற்கெனவே 480, 490 யூனிட் என்று வருகிறதா? 500-ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

எர்த்தை யாரும் பேசுவதில்லை. பிஎஸ்5 வயர் இரண்டு பின், எர்த்தை எதிர்பார்க்காமல் செய்தது. பிசியின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே உள்ள பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அப்படி இல்லை. அதன் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் சின்ன அளவில் மின்சாரத்தை கேபினெட்டுக்கு, அதாவது பிசியின் வெளிப் பெட்டிக்கு, கசியவிடும். அது எர்த் வழியே இறங்கியாக வேண்டும். பழைய வயரிங் உள்ள வீட்டில் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. வெறுங்காலோடு கேபினெட் ஸ்க்ரூவைத் தொட்டால் சுரீர் என்று இழுப்பது இதனால்தான். எலெக்ட்ரீஷியனை மீட்டரோடு வரச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. இதற்கு ஆகும் செலவையும் பிசி பக்கத்தில் எழுதுங்கள். யூபிஎஸ்ஸும் அப்படித்தான். ஆபீஸ்களில் வைக்கிற 600 விஏ யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது கரன்ட் போனால் பிசியும் கூடவே அணைந்துவிடக்கூடும். 1,000 விஏ-க்குக் குறையாமல் எடுங்கள்.

வெயில் இரண்டுக்கும் எதிரி. பிஎஸ்5 வேலை செய்ய சோனி சொல்லும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. சித்திரை மாதம் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் மத்தியானம் 35 சாதாரணமாகத் தாண்டும். சாயங்காலத்துக்கு மேல் ஆடுங்கள், டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் கன்சோலைத் திணிக்காதீர்கள், சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

பிசி போடுகிறவர்கள் பணத்தை வீணாக்கும் இடங்கள் சில உண்டு. 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்காக மாட்டினால் வேகம் குறையும். எட்டு எட்டாக இரண்டு கேளுங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியதால் பழைய கொட்டேஷனை நம்ப முடியாது, இரண்டு மூன்று கடையில் ஒரே நாளில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிடுங்கள். பட்ஜெட் இடித்தால் கலர் லைட் எரியும் ஆர்ஜிபி ஃபேனையும் கண்ணாடி கேபினெட்டையும் வெட்டுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள். பிராண்டட் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச் சான்று) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "கேமே ஓடலை" என்று திரும்பி வருவதில் பல, மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியவை. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அது 60-இலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கன்சோல் எடுத்தால் உங்கள் அக்கவுன்ட்டில் நுழைந்து ஆன்லைன் போகிறதா, டிஸ்க் படிக்கிறதா, எச்டிஎம்ஐ கேபிள் சொருகும் இடம் லூசாக இருக்கிறதா, கன்ட்ரோலர் ஸ்டிக்கைத் தொடாமல் வைத்தாலும் ஆள் தானாக நகர்கிறதா என்று அங்கேயே அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். புது கன்ட்ரோலர் ஆறாயிரம் ரூபாய் பக்கம் வரும். ஸ்டிக் பழுதென்றால் பேரம் பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பிசியாக இருந்தால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி (கேம்களைச் சேமித்து வைக்கும் பாகம்) எல்லாவற்றுக்கும் வாரன்டி வெவ்வேறு வருடம். "கம்ப்யூட்டர் ஒன்று" என்று மொத்தமாகப் போட்ட பில்லை வாங்கிக்கொண்டு கடையை விட்டு இறங்காதீர்கள்.