கல்வெட்டுல கோப்பரகேசரின்னு இருந்தா அது எந்த ராஜா?

சோழர் கால கோவில் சுவத்துல "கோப்பரகேசரி"ன்னு ஒரு வார்த்தைய படிச்ச உடனே ராஜேந்திர சோழன்னு முடிவு பண்ணிடாதீங்க. அது பேரு இல்ல, பட்டம். ராஜகேசரி, பரகேசரின்னு ரெண்டு பட்டத்த சோழ ராஜாக்கள் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டாங்க, விஜயாலயன் பரகேசரி, அவர் பையன் ஆதித்தன் ராஜகேசரி, அடுத்து பராந்தகன் திரும்ப பரகேசரி, இப்படியே போகும். கேசரின்னா சிங்கம், ராஜாக்கள்ல சிங்கம், எதிரிக்கு சிங்கம், அவ்ளோதான். முன்னாடி இருக்குற 'கோ' அரசன்.

சோ, இத வச்சு பாதி ராஜாக்கள கழிச்சிடலாம். அடுத்து 'கோ'வுக்கு முன்னாடி என்ன அடைமொழி இருக்குன்னு பாருங்க, விஷயமே அங்கதான். "மதுரை கொண்ட கோப்பரகேசரி"ன்னா முதலாம் பராந்தகன். அதே "மதுரை கொண்ட", ஆனா கோராஜகேசரின்னு வந்தா ஆளே வேற, சுந்தர சோழன். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. "வீரபாண்டியன் தலை கொண்ட"ன்னு இருந்தா ஆதித்த கரிகாலன். "சாலை கலமறுத்த கோராஜகேசரி" ராஜராஜன், பேரே போடலன்னாலும் அவர்தான்.

அடைமொழி எதுவுமே இல்லாம வெறும் கோப்பரகேசரின்னு இருந்தா கொஞ்சம் கஷ்டம்தான். அப்போ 'யாண்டு'க்கு பக்கத்துல இருக்குற நம்பர பாருங்க, அது அந்த ராஜா பட்டத்துக்கு வந்து எத்தனையாவது வருஷம்னு சொல்றது. 30க்கு மேல இருந்தா பராந்தகனா இருக்க சான்ஸ் அதிகம், ஏன்னா அவர் 907ல இருந்து 40 வருஷத்துக்கும் மேல ஆண்டவரு, உத்தம சோழனும் பரகேசரிதான் ஆனா அவ்ளோ வருஷம் ஆளல. இதுலயும் தெளிவாகலன்னா எழுத்தோட வடிவத்த பாத்துதான் சொல்லணும், அது கல்வெட்டு படிச்சு பழகினவங்க வேலை.

ராஜராஜன்ல இருந்து நமக்கு வேலை ரொம்ப ஈஸி, மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டு ஆரம்பத்துல ராஜாவோட புகழ சொல்ற வரிகள், வந்துடுச்சு. "திருமகள் போல"ன்னு ஆரம்பிச்சா ராஜராஜன், "திருமன்னி வளர"ன்னா ராஜேந்திரன், முதல் ரெண்டு வார்த்தையே போதும். கல்லு உடைஞ்சு ஆரம்பம் போயிருந்தாலும் பரவால்ல, உள்ள கங்கையும் கடாரமும் (இப்போ மலேசியாவுல இருக்குற கெடா) வருதான்னு தேடுங்க, வந்தா அனேகமா ராஜேந்திரன்தான், கடாரத்து மேல அவர் படை போனது 1025 வாக்குல.