படைப்புக் கதை எழுத வைக்க ஒரு வழி

உலகமும் அதில் உள்ளவையும் எப்படி உண்டாயின என்று சொல்லும் படைப்புக் கதை எழுதச் சொன்னால், "கடவுள் உலகத்தைப் படைத்தார்" என்று பல மாணவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதலில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதையைச் சொல்லுங்கள். வானத் தந்தை ரங்கியும் பூமித் தாய் பாப்பாவும் இறுகத் தழுவிக் கிடக்க, நடுவே இருட்டில் பிள்ளைகள் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். தானே என்ற மகன் மல்லாந்து படுத்து, காலால் வானத்தை உந்தித் தள்ளுகிறான். வெளிச்சம் வருகிறது. காற்றுக்குரிய மகனுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை; அந்தக் கோபம்தான் புயல். மழை, ரங்கியின் கண்ணீர்.

அப்புறம் கேளுங்கள்: முன்பு என்ன இருந்தது? மாற்றியது யார்? எதிர்த்தது யார்? (எதிர்ப்பவர் இல்லாத கதை சப்பென்று இருக்கும்.) இன்றும் கண்ணில் படும் மிச்சம் எது?

எழுதும்போது உலகம் முழுவதும் வேண்டாம். கடல் ஏன் உப்பு, வௌவால் ஏன் தலைகீழ் என ஒன்றை எடுத்துப் பின்னோக்கிப் போகட்டும்.